வில்லில் சுட்ட பெயர்

அவரை எல்லோரும் 'செல்லாது' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே 'செல்லாது சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'செல்லாது'. மர வில்லால் அம்பு விடுகிறவர்கள் கூடும் மன்றத்தில் போட்டி நாளன்று வாசலில் ஒரு மேசை போட்டிருக்கும். அதன் பின்னால், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வில்லையும் அம்பையும் அவரிடம் காட்டி, அவர் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் யாரும் திடலுக்குள் கால் வைக்க முடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தப் பூசாரியை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் அந்த மேசைக்கு வந்தால் போதும்.

சின்ன வயதிலேயே ஆள் இப்படித்தான். வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வை என்று வாத்தியார் இவர் கையில் சாக்கட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே போவாராம். திரும்பி வந்து பார்த்தால் தும்மியவன் பெயரும் பலகையில் இருக்கும். வளர்ந்து மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். லாரியில் வந்து இறங்கும் பலகைகளில் கோணல், வெடிப்பு, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பார்த்துச் சிவப்புச் சாக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டு ஒதுக்கும் வேலை. இப்படி ஒரு சொர்க்கம் பூமியில் இருக்கிறதென்று அவருக்கு அதுவரை தெரியாது. கழித்துப்போட்ட பலகைகள் கடைக்குப் பின்னால் மலையாகக் குவிந்தன. "ஏன்யா, மரத்தை விக்கறதுக்கு வாங்கறோமா, திட்டறதுக்கு வாங்கறோமா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அதையும் இவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மன்றத்துக்கு வில் செய்ய மரம் கேட்டிருந்தார்கள். அதைக் கொண்டுபோய்ப் போட வந்தவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். மூடிப்போன ஒரு குளிர்பானக் கிடங்கின் பின்பக்கத்துத் திடல் அது. அங்கே ஒரு வருஷம் வில் பிடித்துப் பார்த்தார். அம்பு சுவரில் போய்க் குத்தும், வேலியில் குத்தும், ஒருநாள் பக்கத்து ஆளின் இலக்கில் நடு மஞ்சளில் போய்க் குத்தியது. அந்த ஆள் நன்றி சொன்னான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கும் நாண் சரியில்லை, காற்று சரியில்லை, வெயில் சரியில்லை. பிறகு எப்படியோ விதிப் புத்தகம் கையில் கிடைத்தது. அம்பு விடத் தெரியாத ஆளுக்கு அம்பில் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டது. வேறு யாரும் அந்த மேசையில் உட்கார முன்வராததால் மன்றமும் சரி தொலையட்டும் என்று விட்டுவிட்டது.

விதிகள் ஒன்றும் பிரமாதம் இல்லை. வில் மரத்தால் செய்திருக்க வேண்டும். அதன் இரண்டு முனைகளும் எதிர்ப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். குறி பார்க்கும் கருவி, வில் ஆடாமல் தடுக்கும் எடை, திருகி மாட்டும் சாமான் எதுவும் கூடாது. அம்பும் மரம், இறகு நிஜப் பறவை இறகு. ஒருவருடைய அம்புகளெல்லாம் ஒரே நீளம், ஒரே நிறம். இதோடு இன்னொன்று. பிடிக்கு மேலே, அம்பு உரசாமல் போவதற்காக வில்லின் பக்கவாட்டில் கொஞ்சம் செதுக்கியிருப்பார்கள். அந்த வெட்டுக்கு ஜன்னல் என்று பெயர். நாணை இழுத்துக் கன்னத்தில் வைத்தால் கண் அந்த வழியாகத்தான் இலக்கைப் பார்க்கும். அங்கே ஒரு புள்ளி இருந்தால் போதும், அதை இலக்கோடு பொருத்திச் சுலபமாகக் குறி பார்த்துவிடலாம். அதனால் ஜன்னலில் எந்தக் குறியும் இருக்கக் கூடாது, மரத்தோடு பிறந்த கரும்புள்ளியாக இருந்தாலும் கூடாது.

இந்தக் கடைசி விதிமேல் செல்லாதுக்கு ஒரு தனிக் காதல். பேக்கரிக்காரர் ஒருவர் புதிதாக வில் வாங்கிக்கொண்டு ஆசையாக வந்து நின்றார். நேற்றைய ரொட்டியை இன்று சுட்டது என்று சொல்லி விற்கிற ஆள், அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று அவர் பக்கம் நியாயம் இருந்தது. டார்ச் அடித்து, கண்ணாடி மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டி, ஜன்னல் ஓரத்தில் கடுகளவு ஒரு கருப்பைக் கண்டுபிடித்தார் செல்லாது.

"அது மரத்தோட கண்ணு சார். நானா வெச்சேன்?"

"மரத்துக்குக் கண்ணு இருக்கட்டும். உங்க கண்ணு அதுல இருக்கக் கூடாது. செல்லாது."

"மேல ஒரு டேப்பாவது ஒட்டிக்கறேனே சார்."

"வீட்டிலேயே ஒட்டிட்டு வந்திருக்கணும். அடுத்த ஆள்."

பேக்கரிக்காரர் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார். அன்று முழுவதும் செல்லாது விசிலடித்துக்கொண்டே இருந்தார்.

இவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நாற்காலியில் சாய்ந்து கிடப்பவர் அலறினாலும் உதைத்தாலும், எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டிய வேலை. அந்தக் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. மன்றத்துக்கு அவளை அவர் கூட்டிவந்தது பை தூக்க. வந்த இடத்தில் சும்மா நிற்பானேன் என்று யாரோ வில்லைக் கையில் கொடுக்க, மூன்றாவது அம்பே மஞ்சளில் போய் நின்றது. "குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி" என்றார் புருஷன். பூனை அடுத்த வாரமும் பாய்ந்தது, அதற்கடுத்த வாரமும் பாய்ந்தது. இவர் பாராட்டவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வருஷம் நாடு முழுக்க உள்ள மன்றங்களெல்லாம் கூடும் பெரிய போட்டிக்கு மூன்று பேரை அனுப்புவதென்று முடிவானது. ஒரே ஒரு தேர்வுப் போட்டி. அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்கள் போவார்கள். அவள் வாயைத் திறந்து எதையும் கேட்கிற ரகம் இல்லை. அன்று கேட்டாள்.

"இத்தனை வருஷமா அடுத்தவங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னுட்டேங்க. ஒரு தடவையாவது நான் போய் ஒரு இடத்துல நிக்கணும். எனக்குன்னு நல்ல வில்லு ஒண்ணு வேணும்."

"வாங்கறது எதுக்கு? நானே செய்யறேன்" என்றார் அவர்.

சொல்ல மனசு வரவில்லை, ஆனால் வில் நன்றாகத்தான் வந்தது. கடையில் கழித்துப்போட்ட மலையிலிருந்தே மரத்தைப் பொறுக்கினார். தான் கழித்தது நல்ல மரம் என்று அப்போதாவது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் வெட்கப்படவில்லை. மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசை போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, இறுக்கிக் காயவைத்து, அவள் கைக்கு ஏற்றபடி பிடியைச் செதுக்கினார். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வில்லில் தன் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பெரிய போட்டிக்குப் போகிற வில், நாலு பேர் பார்ப்பார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள். எங்கே பொறிப்பது? முன்பக்கத்தில் போட்டால் இலக்கில் கட்டிய வைக்கோல்தான் பார்க்கும். பிடியில் போட்டால் கை மறைக்கும். கீழ் நுனியில் போட்டால் குனிந்து பார்க்க எவனுக்குப் பொழுது இருக்கிறது? கடைசியில், அம்பு விடுகிறவள் ஒவ்வொரு தடவையும் பார்த்தே தீர வேண்டிய இடத்தில் போட்டார். சூடான கம்பியால் ஜன்னலின் உள்ளோரத்தில், பொடி எழுத்தில், முழுப் பெயரையும் சுட்டு, கீழே சின்னதாக ஓர் இலையும் போட்டார். அந்தப் பெயர் என்ன என்பது இங்கே வேண்டாம். எழுதினால் அவர் ஆசை நிறைவேறிவிடும்.

கடுகளவு கருப்பைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். தெரியாமல் போகவில்லை. புள்ளி என்பது குறி, கோடு என்பது குறி, தன் பெயர் எப்படிக் குறியாகும்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால்தானே பொன்குடம்.

தேர்வுப் போட்டிக்கு வெளியிலிருந்து ஒரு தலைமை நடுவரை வரவழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை, வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில். செல்லாது மேசையில் விறைப்பாக உட்கார்ந்து அன்றைக்கும் நாலு பேரைத் திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு இறகின் நிறம் வேறு, ஒருவருக்கு ஓர் அம்பு நகம் அளவு குட்டை. மனைவி வரிசையில் வந்து நின்றபோது வில்லை வாங்கி, பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும்படி இப்படியும் அப்படியும் திருப்பி, ஊதி, துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். தன் வீட்டுச் சாமானைத் தானே சோதிக்கிறோமே என்ற கூச்சம் நகத்தளவும் இல்லை.

முதல் பாதி முடிந்தபோது அவள் மூன்றாவது இடம். நாலாவது, பேக்கரிக்காரர். அந்த ஆள் வேறு வில் வாங்கி, நன்றாகவே பழகிக்கொண்டு வந்திருந்தார். இடைவேளையில் எல்லோரும் வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். பேக்கரிக்காரருக்கு மட்டும் தாகம் இல்லை. தாங்கியருகே சும்மா உலாவுகிற மாதிரி உலாவி, ஒரு வில்லின் முன்னால் நின்று, குனிந்து, நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாக நடுவரிடம் நடந்தார். நேர்மைக்காகப் போனார் என்று நினைக்க வேண்டாம். அவள் விழுந்தால் அவர் ஏறுவார், அவ்வளவுதான்.

நடுவர் அம்மா வில்லைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செல்லாதுவையும் மனைவியையும் கூப்பிட்டார். கூப்பிடாமலே மன்றமும் வந்து சூழ்ந்துகொண்டது. அவள் தம்பி, குழாய் ரிப்பேர் செய்கிறவன், அக்காவின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தவன், அவனும் எட்டிப் பார்த்தான்.

"ஜன்னல்ல என்ன இது?" என்றார் நடுவர்.

"பேருங்க" என்றார் செல்லாது, குரல் இறங்கி.

"பேரோ ஊரோ, ஜன்னல்ல இருந்தா அது குறி. இப்பவே தேய்ச்சு எடுத்தாத்தான் அடுத்த பாதிக்கு இந்த வில்லை விடுவேன்." பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பினார். "அம்மா, முதல் பாதியில எடுத்த புள்ளிகளை என்ன பண்றதுன்னு பாக்கணும். நாணை இழுக்கும்போது இது கண்ணுல படலைன்னா புள்ளி நிக்கும். பட்டுச்சுன்னா அத்தனையும் போச்சு. சொல்லுங்க, இதை வெச்சா குறி பாத்தீங்க?"

"எதைங்க?" என்றாள் அவள்.

நடுவர் விரலால் தொட்டுக் காட்டினார். அவள் வில்லை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அட, எழுத்தா இது? பசை வழிஞ்சு காஞ்சு போச்சுன்னுல்ல நெனச்சேன்."

முதலில் சிரித்தது தம்பி. அப்புறம் பின்வரிசை. அப்புறம் எல்லோரும். நடுவர் அம்மாவுக்கே உதட்டோரம் துடித்தது. சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவள் புள்ளி தப்பித்த சந்தோஷம்தான் அதில் பாதி. பொய் சொல்கிற முகமா அது என்பதுபோல நடுவரும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். வில்லு செஞ்சவரும் நீங்க, சோதிச்சவரும் நீங்க. நாணை இழுத்து நிக்கறவங்க கண்ணுக்கு அந்த இடம் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், ஆளுக்கு ஆள் பார்வை மாறும் என்று இழுத்திருந்தாலே போதும். அதில் பொய்யும் இல்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பசை என்ற சொல் அவர் காதில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பியைக் காய்ச்சிக் காய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்ட எழுத்து. ஊரே கூடி நின்று அதைப் பார்த்துச் சிரிக்கிறது.

"தெரியாம எப்படிங்க போகும்?" என்றார். குரல் உச்சிக்குப் போய்விட்டது. "நேரா கண்ணுக்கு எதிர்ல இருக்கு. ஒவ்வொரு அம்புக்கும் பாத்துத்தான் ஆகணும். பாக்கணும்னுதானே அந்த இடத்துல போட்டேன்! பாக்கலைன்னு சொல்றது சும்மா."

சிரிப்பு நின்றது. தம்பி, "மாமா!" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. பேக்கரிக்காரர் இரண்டு கையையும் விரித்து, "நான் சொன்னா பொறாமைம்பீங்க. அவரே சொல்லிட்டாரு" என்றார். நடுவர் அம்மா அவளை ஒரு தடவை பார்த்தார், முன்பு பார்த்த பார்வை இல்லை. முதல் பாதிப் புள்ளிகள் போயின.

அவள் அழவில்லை, வாதாடவில்லை. தம்பியின் பையிலிருந்து உப்புத்தாளை வாங்கி, உட்கார்ந்து, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள். இலையையும் எடுத்தாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை, "மெதுவா, மரம் காயமாயிடும்" என்றார். மூளை எங்கே இருக்கிறது பாருங்கள். இரண்டாம் பாதியில் அவள் எடுத்ததுபோல அன்று வேறு யாரும் எடுக்கவில்லை. என்ன எடுத்து என்ன, பாதிப் புள்ளியை வைத்துக்கொண்டு மூன்றாவது இடத்தைப் பிடிக்க முடியுமா? பேக்கரிக்காரர் போனார்.

கூத்து அதற்குப் பிறகுதான். பரிசு கொடுக்கும்போது நடுவர் அம்மா மைக்கைப் பிடித்தார். தன் மனைவியின் வாய்ப்பு போகும் என்று தெரிந்தும், சோதனையில் தான் செய்த தவறு வெளிப்படும் என்று தெரிந்தும், உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரு மனிதரை இன்று பார்த்தேன் என்றார். கைதட்டல் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. மன்றத் தலைவர், காற்றடிக்கும் பக்கம் சாய்கிற கொடி, ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பேக்கரிக்காரர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அரிச்சந்திரன் கெட்டான் போங்கள். நம்ம ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தலையைக் குனிந்து, "என் கடமை, அவ்வளவுதான்" என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை என்று பட்டுவிட்டது. வெளியே வரும்போது நடையில் ஒரு கம்பீரம் வந்திருந்தது.

மைத்துனனின் வேனில் திரும்பினார்கள். பின்னால் குழாய்கள் உருண்டுகொண்டிருந்தன. அவன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். மாமாவோடு ஒரு பேச்சும் இல்லை. வில் அவள் மடியில் குறுக்கே கிடந்தது. ரொம்ப தூரம் வந்த பிறகு அவள்தான் பேசினாள்.

"நடுவரம்மா சொன்னதை யோசிச்சுப் பாத்தேங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உங்க கண்ணுக்கு எது சரின்னு பட்டுதோ அதைச் சொன்னீங்க. பொண்டாட்டிங்கறதுக்காக மாத்திச் சொல்லலை. நானா இருந்தா முடிஞ்சிருக்காது."

எப்பேர்ப்பட்ட மனுஷி பாருங்கள், எவனுக்கு வாய்த்தாள் பாருங்கள். அவர் அப்போது ஆமாம் என்று ஒரு தலையாட்டலோடு வேன் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். மீதி ஆயுளுக்கும் வீட்டில் அரிச்சந்திரனாகவே இருந்திருக்கலாம். நாக்கு அரித்தது. கேட்காவிட்டால் அன்று தூக்கம் வராது அவருக்கு.

"அது இருக்கட்டும். நெஜமாவே நீ அதைப் பாக்கலையா?"

"எதை?"

"என் பேரை. இத்தனை நாள்ல ஒரு தடவைகூடவா பாக்கலை?"

மைத்துனன் வேனை மெதுவாக்கினான். அவள் திரும்பி அவரை நிதானமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் பேசியபோது முகத்தில் இருந்த இளக்கம் போய்விட்டது. அங்கே, அத்தனை பேர் நடுவில், அவர் எதற்காகக் கத்தினார் என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"பசைன்னுதாங்க நெனச்சேன். அங்கேயே சொன்னேன். நடுவரம்மா நம்பலை, பரவால்ல, அவங்க யாரோ. நீங்களாவது நம்பலாமே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நம்புகிறேன் என்றால் அவளுக்கு நியாயமாகக் கிடைத்த இடத்தைத் தானே பறித்ததாக ஆகும். நம்பவில்லை என்றால் கட்டினவளைப் பொய்க்காரி என்று இன்னொரு தடவை சொன்னதாக ஆகும். வீடு வந்து சேரும்வரை அவர் அதைத் துடைத்துக்கொண்டே வந்தார்.